இருவர் தூக்கும் தோணி: ப்ளைவுட்டில் கட்டி வெள்ளாற்றில் தங்கி வந்தது

முதலில் கட்டிய தோணி 43 கிலோ. அதே அச்சில் அடுத்துக் கட்டியது 33 கிலோ. நடுவில் குறைந்த அந்தப் பத்துக் கிலோவைப் பற்றித்தான் இந்தப் பதிவு. போன மாசியில் இரண்டு குடும்பமும் இரண்டு தோணியில் வெள்ளாற்றில் போய், ஒரு தென்னந்தோப்பில் இரவு தங்கித் திரும்பினோம். 33 கிலோத் தோணியை என் மனைவியும் நண்பரின் மனைவியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கிக் கரையேற்றி, வண்டிவரை நடந்தே கொண்டுபோய் வைத்தார்கள். நாங்கள் இருவரும் கைவைக்கவே இல்லை. வேலை சரியாக வந்துவிட்டது என்று அப்போதுதான் உறுதியானது. அளவு, செலவு, சரிவராமல் போனவை எல்லாவற்றையும் மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

கடலூர் முதுநகர்ப் பக்கம் படகுக்குக் குறைவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் குறைந்து பைபர் படகு பெருகிவிட்டது. ஆனால் அவையெல்லாம் எஞ்சின் மாட்டிக் கடலுக்குப் போக உண்டானவை, கரையேற்றவே பல பேர் வேண்டும். முழங்கால் ஆழத் தண்ணீரில் பிள்ளைகளோடு துடுப்புப் போடவும், வேலை முடிந்ததும் வீட்டுச் சுவரோரம் சாய்த்துவைக்கவும் ஆகிற தோணி எங்களுக்கு வேண்டியிருந்தது. அதனால் முதலிலேயே ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம்: எதைச் சேர்த்தாலும் எடை எவ்வளவு கூடும் என்று பார்த்த பிறகுதான் சேர்ப்பது.

வடிவம் மிக எளிது. தட்டையான அடிப்பலகை ஒன்று, பக்கப்பலகை இரண்டு. நீளம் 15 அடி 6 அங்குலம், மேல்விளிம்பில் அகலம் 33 அங்குலம், அடியில் 23½ அங்குலம், நடுவில் ஆழம் 13 அங்குலம். எட்டுக்கு நான்கு ப்ளைவுட் ஷீட் மூன்று போதும். அடிப்பலகையின் இரண்டு பாதியும் ஒரு ஷீட்டில் அடங்கும். பக்கப்பலகைக்கு 15 அங்குலப் பட்டை நான்கு வேண்டும், அதற்கு மற்ற இரண்டு ஷீட். மிச்சத்தில் இருக்கையும் துடுப்பு இலையும் வெட்டிக்கொள்ளலாம். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளை மட்டும் வாங்குங்கள். கடையில் ஓரத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துப் பாருங்கள். நல்ல ப்ளை அடுக்குப் பிரியாது.

எட்டடிப் பலகைகளை நீளவாக்கில் இணைக்க, மூட்டின் உள்பக்கம் 15 செ.மீ. அகலத் துண்டு ஒன்றை எபாக்சி (ரெசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும் பசை) வைத்து ஒட்டினோம். மேலே பாலித்தீன் விரித்து, அதன்மேல் ஹாலோ பிளாக் கற்களைப் பாரம் வைத்து இரவு முழுக்க விட்டோம். பாலித்தீனை மறந்தால் கல்லும் தோணியோடு ஒட்டிக்கொள்ளும்.

வளைகோடு போட, முடிச்சில்லாத தேக்கு ரீப்பர் ஒன்றை ஆணிகளுக்கு நடுவே வளைத்துப் பென்சிலால் கோடிழுத்தோம். ஜிக்சாவால் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே வெட்டி, மீதியை இழைப்புளியால் எடுத்தோம். முதல் தோணிக்கு இடது பலகையையும் வலது பலகையையும் தனித்தனியாக வெட்டியதில் அணியம், அதாவது முன்முனை, 12 மி.மீ. ஒருபக்கம் சாய்ந்தது. தண்ணீரில் விட்டால் இன்றைக்கும் அது லேசாக இடதுபக்கம் ஒதுங்கும். இரண்டாவதற்கு இரண்டு பலகையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சி கிளாம்ப் போட்டு, ஒரே வெட்டில் எடுத்தோம். சாய்வே இல்லை.

அடுத்தது தைக்கும் வேலை. பலகை ஓரத்திலிருந்து 8 மி.மீ. உள்ளே, 10 செ.மீ.க்கு ஒன்றாக, 2 மி.மீ. துளை. அதில் கம்பியைக் கோத்து, குறடால் முறுக்கி இழுத்தால் தட்டையான பலகைகள் மூன்றும் வளைந்து தோணியாக எழுந்து நிற்கும். பிள்ளைகள் கைகொட்டியது இந்தக் கட்டத்தில்தான். முறுக்கும்போது அணியத்திலிருந்து பின்முனைவரை நடுவில் ஒரு நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, குறுக்களவு இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே போகவேண்டும். எபாக்சி போட்டுவிட்டால் திருத்த முடியாது.

கம்பி விஷயம் ஒன்று. கான்கிரீட் வேலைக்கான கட்டுக்கம்பி மலிவு, வலு. ஆனால் அது எபாக்சியில் புதைந்த பிறகு வெளியே வராது. வராத துண்டு உப்புத்தண்ணீரில் துருப்பிடித்து, மரத்தில் கறுப்புக் கோடாக இறங்கும். முதல் தோணியில் ஒவ்வொரு கம்பியின் நுனியையும் சால்டரிங் அயனால் சூடாக்கி, எபாக்சி இளகியதும் இழுத்தெடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவதற்கு மின்வயரின் தோலை உரித்துச் செம்புக் கம்பி. கம்பிகளுக்கு நடுவில் மட்டும் எபாக்சிப் பசையைப் புள்ளி புள்ளியாக வைத்து, அது இறுகியதும் கம்பியெல்லாம் எடுத்துவிட்டு, அப்புறம் முழுநீளப் பசை. இந்த வரிசையில் போனால் சுலபம்.

ரெசின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பணமும் எடையும் இதில்தான் போகிறது. பைபர் படகு வேலை செய்யும் ஒருவர் வந்து பார்த்து, "எல்லாரும் போடுற பாலியெஸ்டர் மரத்துல நிக்காது தம்பி, ரெண்டு மழைக்கு அப்படியே தோல் மாதிரி உரிஞ்சிடும். எபாக்சியே போடுங்க" என்றார். அவர் பேச்சைக் கேட்டது நல்லதாயிற்று. அவரிடமிருந்து இன்னொன்றும் தெரிந்துகொண்டோம்: பைபர் படகுக்குப் போடும் மேட் (நெய்யாத கண்ணாடி இழை விரிப்பு) எபாக்சிக்கு ஆகாது. மேட்டின் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் பொருள் பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்சியில் விறைப்பாக நிற்கும். நெய்த கண்ணாடித் துணிதான் வாங்கவேண்டும். 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) போதுமானது. வீட்டில் பாலியெஸ்டர் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதன் கேட்டலிஸ்ட்டையும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது, வெடிக்கும்.

நாங்கள் வாங்கிய எபாக்சிக்கு 100 கிராம் ரெசினுக்கு 10 கிராம் ஹார்டனர். கண்மதிப்பில் ஊற்றக்கூடாது, ஒரு கிராம்வரை காட்டும் சமையலறைத் தராசு வேண்டும். ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் கலக்கவேண்டாம். கலந்ததை மக்கிலேயே வைத்திருந்தால் சூடேறிப் புகைந்து கட்டியாகிவிடும். சித்திரை வெயிலில் இது இன்னும் வேகம். கலந்த உடனே அகலமான ட்ரேயில் ஊற்றிப் பரப்பினால் அவகாசம் கிடைக்கும். நாங்கள் பகலில் வெட்டுவது, இழைப்பது, உப்புத்தாள் போடுவது என்று வைத்துக்கொண்டு, எபாக்சியைப் பொழுது சாய்ந்த பிறகே தொட்டோம். நைட்ரைல் கையுறை இல்லாமல் ஹார்டனரைத் தொடாதீர்கள், தோல் தடித்துவிடும்.

மூலைகளுக்கான பசைக்கு, மரக்கடைத் தூளைச் சல்லடையில் சலித்து, கொஞ்சம் சிலிக்கா தூளோடு எபாக்சியில் பிசைந்தோம். வடை மாவுப் பதம் வேண்டும். கரண்டியைத் தூக்கினால் வழியக்கூடாது. மூலையில் அப்பி, 25 மி.மீ. ஆரமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டால் ஒரே இழுப்பாக இழுத்தால் வழவழப்பான உள்வளைவு வரும். முதல் தோணியில் வலுவுக்காக என்று இதைத் தாராளமாக அப்பினோம். ஓரிரு கிலோ அங்கேயே கூடிவிட்டது, வலு ஒன்றும் கூடவில்லை.

இரண்டாவது தோணியை மார்கழியில் கட்டினோம். ஈரக்காற்றில் எபாக்சி இறுகியதும் மேலே மெழுகுபோல ஒரு வழுக்கல் படிந்தது. அதன்மேல் பெயின்ட் அடித்தால் ஒட்டாது. உப்புத்தாள் போட்டால் தாள்தான் அடைத்துப்போகும். வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் கொண்டு கழுவினால் போய்விடுகிறது. கழுவிக் காயவைத்த பிறகே உப்புத்தாள்.

சரி, எடை எங்கே குறைந்தது? முதல் தோணி முழுக்க 6 மி.மீ. ப்ளை, உள்ளும் புறமும் கண்ணாடித் துணி. இரண்டாவதில் அடிப்பலகை மட்டும் 6 மி.மீ., பக்கம் 4 மி.மீ. இந்த 4 மி.மீ. மரைன் ப்ளை கடலூரில் கிடைக்காமல் புதுச்சேரியில் போய் வாங்கினோம். துணி வெளிப்பக்கம் மட்டும். மூலைப் பசை அளவோடு. விளிம்புக்கு 25 x 12 மி.மீ. தேக்கு ரீப்பர் முதலில் போட்டது, இதில் உள்ரீப்பரைக் கொஞ்சம் மெலிதாக்கினோம். பக்கப்பலகை மட்டுமே ஐந்தரைக் கிலோ குறைத்தது. மற்றது துளித்துளியாகக் குறைந்ததுதான்.

இரண்டு முனையிலும் ப்ளை தடுப்பு வைத்து, உள்ளே தெர்மகோல் அடைத்து மூடினோம். முனைக்குச் சுமார் 30 லிட்டர் இடம். தெர்மகோல் எபாக்சியில் கரையாது, பாலியெஸ்டர் பட்டால் உருகிக் காணாமல் போகும். தோணியில் தண்ணீர் நிரம்பினாலும் முழுகாமல் நிற்கவேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. பிள்ளைகள் ஏறுகிற எதற்கும் இதில் சமாதானமே கிடையாது.

வெள்ளோட்டம் பெருமாள் ஏரியில். தோணியை வேண்டுமென்றே கவிழ்த்து, தண்ணீர் நிறைத்து, பெரியவர்கள் இருவர் விளிம்பைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தோம். மட்டமாக மிதந்தது. ஆனால் நிமிர்த்தி ஏறி உட்கார்ந்தால் ஆட்டம் அதிகம். அடியிலிருந்து 11 அங்குல உயரத்தில் இருக்கை வைத்திருந்தோம். அதை 8 அங்குலத்துக்கு இறக்கியதும் அதே தோணி அடங்கிவிட்டது. கால் நீட்ட வசதி குறைவுதான், பரவாயில்லை. பக்கக்காற்றில் பின்பக்கம் நழுவியதற்கு, அடியில் பின்பாதி நீளத்துக்கு 20 மி.மீ. உயரக் கட்டை ஒன்றை ஒட்டினோம். நேர்கோட்டில் போக ஆரம்பித்தது.

இனிப் பயணம். பிச்சாவரம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அது காப்புக்காடு, 2022 முதல் ராம்சார் தளம். அங்கே சொந்தத் தோணியில் போய்க் கூடாரம் போட முடியாது, போடவும் கூடாது. அதைப் பார்க்க ஆசைப்பட்டால் படகுக் குழாமின் துடுப்புப் படகு இருக்கிறது. நாங்கள் வெள்ளாற்றைத் தேர்ந்தெடுத்தோம். பி.முட்லூருக்குத் தெற்கே நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அருகில் இறங்கி, பரங்கிப்பேட்டைப் பக்கமாக ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கரையோரம் உறவினர் ஒருவரின் தோப்பு, அவரிடம் முன்னாலேயே கேட்டுக்கொண்டோம்.

கடலிலிருந்து இவ்வளவு உள்ளே இருந்தாலும் ஆறு கடல் சொல்படிதான் நடக்கிறது. கடல்நீர் ஏறும் ஏற்றத்தில் மேற்கே ஓடும், அது இறங்கும் வற்றத்தில் கிழக்கே ஓடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஓட்டம் பலமாக இருக்கும், நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். மாசி மகத்துக்கு முந்தைய சனிக்கிழமையாகப் பார்த்துக் கிளம்பினோம். மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார், அந்தப் பக்கமெல்லாம் கூட்டமாக இருக்கும். அதற்கு முந்தைய நாட்களில் ஆறு அமைதி. காலை எட்டு மணி வாக்கில் வற்றம் தொடங்கியது, அதோடு இறங்கினோம். பதினொன்றுக்கு மேல் கடற்காற்று எதிரே எழும்பும், அதற்குள் தோப்பை அடைவது திட்டம். பத்தரைக்கே போய்விட்டோம்.

குட்டி யானை வண்டியில் ஒரு தோணியை மல்லாத்தி, மற்றதை அதன்மேல் கவிழ்த்து, பழைய மெத்தை விரித்துக் கட்டிக் கொண்டுவந்தோம். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி. வாடகை 1,800 ரூபாய்.

ஒரு தோணிக்குப் பெரியவர்கள் இருவர், பிள்ளை ஒன்று, சாமான் 55 கிலோ. இதில் பாதி குடிநீர். சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும் ஒரு வாய் குடிக்க முடியாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் மொத்தம் 48 லிட்டர், எல்லாம் 5 லிட்டர் கேன்களில். இருபது லிட்டர் கேன் ஒரே இடத்தில் பாரமாக உட்கார்ந்துகொள்ளும், சின்னக் கேனைத் தோணியின் சமநிலைக்குத் தகுந்தபடி நகர்த்தலாம். எதிர்காற்றில் போகும்போது முன்பக்கம் கொஞ்சம் பாரம், பின்காற்றில் வரும்போது பின்பக்கம் கொஞ்சம் பாரம். இதைச் செய்தால் துடுப்புப் பாதிதான் வேலை செய்யவேண்டியிருக்கிறது. இவ்வளவும் ஏற்றிய பிறகும் தண்ணீருக்கு மேல் விளிம்பு ஏழு அங்குலத்துக்குக் குறையவில்லை.

தோப்பில் கூடாரத்தின் ஆணி மணலில் நிற்கவே இல்லை. காலி அரிசிச் சாக்குகளில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டிப் பாதி புதைத்தோம். மாலைக் காற்று பலமாக வீசியும் அசையவில்லை. இனி ஆணியை எடுத்துப்போக மாட்டேன், சாக்கு மடித்தால் எடையே இல்லை. விறகு பொறுக்க வேண்டாம் என்று முன்பே முடிவு செய்து சின்ன கேஸ் அடுப்பு கொண்டுபோயிருந்தோம். அலையாத்திக் கரைகளில் தில்லை மரம் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை பாதிக்கும், கட்டையை எரித்தால் புகையும் கண்ணுக்கு ஆகாது. எந்த மரம் எது என்று தெரியாத பிள்ளைகளிடம் கிளையை ஒடிக்கவேண்டாம் என்று சொல்லிவிடுவதே பாதுகாப்பு. மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு போன புளிச்சோறு, இரவுக்கு வலைபோட்டுக்கொண்டிருந்தவரிடம் வாங்கிய மடவை மீன் குழம்பு. "தோணிய கயித்துல கட்டிட்டுப் படுங்க, ராத்திரி ஏத்தம் இந்தக் குப்பைக்கோட்டுக்கு வரும்" என்று அவர் காலால் தொட்டுக் காட்டினார். அதற்கும் மேலே இழுத்துப் போட்டுத் தென்னையில் கட்டினோம். விடியலில் பார்த்தால் ஈரம் அவர் காட்டிய கோடுவரை சரியாக வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சாமானை இறக்கிவைத்துவிட்டு வெறும் தோணியில் கரையோரமாகச் சுற்றினோம். முகத்துவாரத்துப் பக்கம் போகவில்லை. அங்கே மணல்திட்டும் அலையும் விசைப்படகுகளும் இருக்கின்றன, தட்டையடித் தோணிக்கு அது இடமில்லை. உள்ளே ஓடைகளில் துடுப்பை நிறுத்திவிட்டு மிதந்தால் போதும், நீர்க்காகமும் மீன்கொத்தியும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். எஞ்சின் படகில் இது கிடைக்காது. பெண் பிள்ளை அன்றைக்குத்தான் தனியாகப் பின்னால் உட்கார்ந்து தோணியைத் திருப்பக் கற்றுக்கொண்டாள்.

சேதம் ஏற்பட்டது அந்தச் சுற்றில்தான். வலைக்காக நட்டுவைத்த கம்பு ஒன்று தண்ணீருக்குள் மறைந்திருந்தது. அதில் ஆளிச் சிப்பி ஒட்டிக் கத்தியாக வளர்ந்திருக்கும். எடை குறைந்த தோணியின் பக்கப்பலகை, அடியிலிருந்து சற்று மேலே, அதில் இடித்து 12 செ.மீ. நீளத்துக்கு விரிசல் விட்டது. வெளித்துணி கிழியவில்லை, உள்பக்க ப்ளை பிளந்து ஈரம் கசிந்தது. கரையேற்றி, துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, உள்ளும் வெளியும் டக்ட் டேப் ஒட்டினோம். திரும்பி வரும்வரை தாங்கியது. முதல் தோணியும் ஆளியில் பல இடத்தில் உரசியது. அடியில் வெள்ளைக் கீறல்கள், அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு ஏற்றம் தொடங்க, காற்றும் முதுகுப்பக்கம். காலிக் கேன்களை முன்னால் போட்டு, பைகளைப் பின்னால் தள்ளிக்கொண்டோம். வந்த நேரத்தைவிடச் சீக்கிரமாகவே பாலத்தடிக்கு வந்துசேர்ந்தோம்.

விரிசலைச் சரிசெய்ய, சுற்றிலும் 5 செ.மீ. அகலத்துக்கு உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி நன்றாகக் காயவிட்டு, சின்னதும் பெரிதுமாக இரண்டு துண்டுத் துணி வைத்து எபாக்சி பூசினேன். செலவு இருநூறு ரூபாய்கூட இல்லை.

மொத்தக் கணக்கு: முதல் தோணிக்கு ப்ளை 7,800, எபாக்சி 7 கிலோ 4,550, துணி 1,900, தேக்கு 2,400, பெயின்ட் 1,300, கையுறை, பிரஷ், உப்புத்தாள் வகையில் 1,750, ஆக 19,700 ரூபாய். இரண்டாவதற்கு ப்ளை 6,800, எபாக்சி நாலரைக் கிலோ 2,925, துணி 1,000, தேக்கு 1,900, மற்றவை 2,100, ஆக 14,725. லைஃப் ஜாக்கெட் ஆறு பேருக்கும் 6,600. அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், தண்ணீரில் இருக்கும்வரை கழற்றவும் விடாதீர்கள்.

மூன்றாவது ஒன்றுக்கு ப்ளை வாங்கியாகிவிட்டது. அக்கா குடும்பமும் வருகிறேன் என்கிறார்கள். பக்கத்துக்கு அதே 4 மி.மீ.தான். ஆனால் உள்பக்கம் அடியிலிருந்து 15 செ.மீ. உயரம்வரை துணி ஒட்டப்போகிறேன், முக்கால் கிலோ கூடும். துடுப்புக்குச் சவுக்குக் கம்பு போட்டதில் ஒன்று ஒரு கிலோவைத் தாண்டிப் பிள்ளைகளுக்குக் கை வலித்தது. இந்தத் தடவை மூங்கில், பெரியவர்களுக்கு 140 செ.மீ., பிள்ளைகளுக்கு 110.